பன்னிரண்டு பாடங்களும் ஒரு பொத்தானும்: சுவிசேஷ விசுவாசப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதைப் பன்னிரண்டு வாரங்களில் கற்பிக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். அதை நடத்தும் ஊழியத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அவர்களுக்கு மட்டுமே உரியவை அல்ல, இவ்வகைப் பயிற்சிகள் பலவற்றிலும் காணக்கூடியவை. வாரத்துக்கு ஒரு பாடம். ஒவ்வொரு பாடத்திலும் இருபது நிமிடக் காணொளி ஒன்று, எட்டுப் பத்துப் பக்கங்களில் குறிப்புகள், பத்துக் கேள்விகள். நம் விடைகளைப் படித்து மின்னஞ்சலில் பதில் எழுத ஒரு வழிகாட்டியும் உண்டு. கட்டணம் கிடையாது. பன்னிரண்டு வாரத்தில் ஒருமுறைகூடக் காணிக்கை கேட்டுக் கடிதம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுதுகிறவள் யார் என்று தெரிந்தால்தான் மதிப்புரையை எடைபோட முடியும். நான் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவள். உரிய வயதில், ஞானஸ்நானத்தின் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தல் பெற்று, அச்சிட்ட ஜெபமுறையோடு நடக்கும் ஆராதனையில் வளர்ந்தவள். ‘நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?’ என்று சுவிசேஷச் சபைகளைச் சேர்ந்த நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், ‘ஆம்’ என்றால் எந்த நாளில் என்ற கேள்வி வரும், ‘இல்லை’ என்றால் துண்டுப்பிரதி வரும் என்பதால், சிரித்து நழுவியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கும் விசுவாசம் என்ன என்பதை அவர்கள் வாயாலேயே முறையாகக் கேட்டுவிடுவோம் என்றுதான் இதில் சேர்ந்தேன்.

முதல் பாடம் சொல்லிலிருந்து தொடங்குகிறது. நற்செய்தி என்று பொருள்படும் எவாங்கெலியோன் என்ற கிரேக்கச் சொல்லைத்தான் நாம் சுவிசேஷம் என்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் காலத்து ஜெர்மனியில் அந்தச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் சீர்திருத்தச் சபையார் எல்லோரையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் எழுந்த, எழுப்புதல்கள் எனப்படும் பக்தி எழுச்சிகளுக்குப் பிறகே, மனமாற்றத்தை அழுத்திச் சொல்லும் ஒரு தனிப் போக்கின் பெயராக அது நிலைபெற்றது. இவ்வளவையும் சில நிமிடங்களில் குழப்பமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து, பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-இல் வகுத்துக் காட்டிய நான்கு அடையாளங்களைப் பயிற்சி முழுவதுக்கும் சட்டகமாக வைக்கிறார்கள்: ஒவ்வொருவரும் மனம்மாறி மறுபடியும் பிறக்க வேண்டும் என்ற வற்புறுத்தல், வேதாகமத்துக்குத் தரும் தலையாய இடம், கிறிஸ்துவின் சிலுவை மரணத்தை நடுவில் வைக்கும் போதனை, விசுவாசத்தைச் செயலில் காட்டும் ஊக்கம். தேர்வு சரியானதே. ஆனால் பெபிங்டன் தந்தது ஊரைச் சுற்றிப் பார்த்தவர் வரைந்த படம். ஊரார் கையெழுத்திட்ட சாசனம் அல்ல. அந்த வேறுபாட்டைப் பாடம் சொல்லவில்லை.

அது சின்ன விடுதல் அல்ல. போப்போ, எல்லோரையும் கட்டுப்படுத்தும் சங்கமோ இல்லாத ஒரு கூட்டத்தார் ‘இதுவே எங்கள் அடிப்படை’ என்று சொல்லும்போது, எங்கே, யார் கூடி, எப்போது அப்படிச் சொன்னார்கள் என்பதை அறிந்தால்தான் அடிப்படை எது, உட்பிரிவின் விருப்பம் எது என்று பிரிக்க முடியும். 1846-இல் லண்டனில் கூடிய சுவிசேஷக் கூட்டணி ஓர் அறிக்கை தந்தது. 1942-இல் உருவான அமெரிக்கத் தேசியச் சுவிசேஷகர் சங்கம் அடுத்த ஆண்டில் ஏழு அம்ச விசுவாச அறிக்கையை ஏற்றது. 1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடியவர்கள், ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட் தலைமையில் அமைந்த வரைவுக் குழுவின் உழைப்பால், 15 பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தாலே பொதுவாக எஞ்சுவது எது என்று புலப்பட்டுவிடும். குறிப்புகளில் லொசானுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை.

இன்னொன்றையும் முதல் பாடத்திலிருந்தே கவனித்துக்கொண்டு வந்தேன். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே. காணொளியில் பேசுகிறவர் இதில் தவறே செய்வதில்லை. ‘நாங்கள் வேதாகமத்தை தேவனுடைய வார்த்தையாக நம்புகிறோம்’ என்பார். ‘நாம் எல்லோரும் பாவிகள்’ என்பார். பாவத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டவர், கிருபையில் வெளியே நிறுத்துகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விசுவாசிக்காதவரை விசுவாசியாகப் பாவித்துப் பேசாத நேர்மை அது. எந்த இடத்தில் அந்த ‘நாங்கள்’ ‘நாம்’ ஆக மாறுகிறது என்பதுதான் வேடிக்கை. அதற்கு வருகிறேன்.

இரண்டாம் பாடம் வேதாகமம். ‘வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது’ என்ற 2 தீமோத்தேயு 3:16-ஐ எடுத்துக்கொண்டு, மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘தேவன் ஊதியது’ என்பதே நேர்ப்பொருள் என்று விளக்கும் பகுதி அழகானது. மனிதர்கள் தங்கள் மொழியிலும் நடையிலும் எழுதினார்கள், ஆயினும் சொன்னவர் தேவனே என்ற சுவிசேஷப் போதனையின் இரு பக்கத்தையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பாடம் வழுக்குகிறது. வேதாகமம் பிழையற்றது என்பதை எல்லாச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் ஒரே பொருளில் ஏற்பதாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். லொசான் உடன்படிக்கை, வேதாகமம் தான் உறுதிப்படுத்திச் சொல்லும் அனைத்திலும் பிழையற்றது என்றது. 1978-இல் வெளிவந்த சிகாகோ அறிக்கை 19 பிரிவுகளில், ஏற்பது இது, மறுப்பது இது என்று வரையறுத்து, தேவ ஆவியின் அருளுதல் கண்டிப்பான பொருளில் மூலப் பிரதிகளுக்கே உரியது என்றது. விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் தவறாத வழிகாட்டி என்பதோடு நின்றுகொள்ளும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் உண்டு. இந்த விவாதத்தைத் தொடாமல் விட்டதால், மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் சீனாய், வத்திக்கான் என்னும் இரு பழம்பெரும் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்ற, எந்த ஆய்வு வேதாகமமும் அடிக்குறிப்பில் சொல்லிவிடும் செய்தியைக்கூட ஒரு மாணவர் வேறெங்கோ கேட்டு அதிர்ச்சியடைய வேண்டியிருக்கிறது. நம்பிக்கையோடு கற்பிக்கிறவர்கள் இதைத் தாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தைப் பற்றிய மூன்றாம் பாடத்தில் சொல்ல அதிகமில்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் அறிக்கையிடும் அதே தேவனைத்தான் இவர்களும் அறிக்கையிடுகிறார்கள். 325-இன் நிக்கேயாவும் 381-இன் கொன்ஸ்தாந்திநோபிளும் 451-இன் கல்கெதோனும் ஆகிய பழைய சபைச் சங்கங்கள் பாடுபட்டுத் தேடிய சொற்களை, அந்தப் பெயர்களைச் சொல்லாமலே பயன்படுத்திக்கொள்கிறார்கள். நான்காம் பாடத்துக்கு மட்டும் ஒரு பாராட்டு. பாவம், புண்ணியம் என்று வரவு செலவு எழுதிப் பழகிய மனத்துக்கு, பாவம் என்பது செலவுப் பக்கத்தில் கூடிப்போன தொகை அல்ல, தேவனோடு உள்ள உறவே முறிந்துபோன நிலை என்று புரியவைப்பது எளிதல்ல. ‘கணக்கில் கடன் கூடியிருந்தால் புண்ணியம் செய்து அடைக்கலாம்; கணக்குப் புத்தகத்தின் சொந்தக்காரரையே பகைத்துக்கொண்டால் என்ன செய்வது?’ என்று காணொளியில் கேட்கிறார். நன்றாகவே உறைத்தது.

பயிற்சியின் உச்சம் ஐந்தாம் பாடம். சிலுவையைப் பற்றிப் பேசும்போது சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் குரல் தனியாக ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அது ஏன் என்று இந்தப் பாடம்தான் காட்டியது. கிறிஸ்து முன்மாதிரியாக மரித்தார், அன்பைக் காட்ட மரித்தார் என்பவற்றை அவர்கள் மறுப்பதில்லை. அவை போதாது என்கிறார்கள். நமக்கு வரவேண்டிய நியாயத்தீர்ப்பை நம் இடத்தில் நின்று அவர் ஏற்றார் என்ற பதிலாள் பலியே நற்செய்தியின் நெஞ்சு என்பது அவர்கள் நம்பிக்கை. ஏசாயா 53-இலிருந்து தொடங்கி, ரோமர் 3:25-இல் வரும் ‘கிருபாதாரபலி’ என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்தான் அங்கே இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை இரத்தம் தெளிக்கப்பட்ட இடமும், தெளிக்கப்பட்ட இரத்தமும் இப்போது ஒரே ஆள் என்று அவர்கள் விளக்கியபோது, சிறு வயது முதல் வாசித்துக் கடந்துபோன அந்தச் சொல்லின் மேல் முதல்முறையாக நின்று பார்த்தேன்.

அதே பாடத்தில் ஒரு படக்கதையும் வருகிறது. நீதிபதி தன் சொந்த மகனுக்கு அபராதம் விதிக்கிறார். பின் அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கிவந்து தாமே அதைச் செலுத்துகிறார். சுவிசேஷப் பிரசங்கங்களில் தேய்ந்துபோன உவமை. இதில் நீதிபதியே செலுத்துவதால் பரவாயில்லை. ஆனால் அடுத்த திரையிலேயே, கோபத்தோடு நிற்கும் ஒரு பிதாவுக்கும் நடுங்கும் மனிதனுக்கும் இடையில் குமாரன் புகுந்து அடியைத் தாங்குவதாக ஒரு படம். இரண்டும் ஒரே போதனையைச் சொல்லவில்லை என்று என் விடைத்தாளில் எழுதினேன். கொலோசெயர் 2:15 சொல்லும் வெற்றி, அதிகாரங்களை உரிந்துகொண்டு சிலுவையில் அவற்றின்மேல் வெற்றிசிறந்த கிறிஸ்து, ஏன் பாடத்தில் ஓர் ஓரத்தில்கூட இல்லை என்றும் கேட்டேன்.

வழிகாட்டி மூன்றாம் நாள் பதில் எழுதினார். ‘கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்’ என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில் சுற்றிவளைத்தல் ஏதும் இல்லை. ‘இரண்டாவது படத்தை நானும் விரும்புவதில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5:19 சொல்கிறது. பிதா ஒரு பக்கம், குமாரன் மறு பக்கம் என்று பிரித்துவிட்டால் சிலுவையில் தேவன் யாரையோ பலிகொடுத்தவராகிவிடுவார், தம்மையே கொடுத்தவராக மாட்டார். வெற்றியைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். கடன்பத்திரம் குலைக்கப்பட்டது என்று 14ஆம் வசனம் சொன்ன பிறகே 15ஆம் வசனத்தில் வெற்றி வருகிறது. இரண்டையும் பிரிக்காமல் வாசியுங்கள்’ என்றார். பயிற்சியைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்லவற்றில் பாதி இவருக்கே சேரவேண்டும்.

ஆறாம் பாடம் மறுபிறப்பு. ‘ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்’ என்று நிக்கொதேமுவிடம் சொல்லப்பட்ட யோவான் 3:3-தான் மூலவசனம். ‘மறுபடியும்’ என்று நம் வேதாகமம் பெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளில் புரிந்துகொண்டு தாயின் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்கிறார், இயேசு இரண்டாம் பொருளுக்கு அவரை இழுத்துச் செல்கிறார் என்று பாடம் விளக்குகிறது. அதிலிருந்து எடுக்கும் முடிவும் தெளிவானது: பிறப்பு என்பது பிறக்கிறவன் செய்துகொள்ளும் காரியம் அல்ல; ஆவியானவர் செய்வது; கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்ததும், சபைப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் அதற்கு ஈடாகா. என்னைப் போன்றவளைக் குறிவைத்த வாக்கியம்தான் அது. ஆனாலும் சரியாகவே குறிவைத்திருந்தார்கள்.

எடுத்துக்காட்டாக, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயர் ஜான் வெஸ்லியைக் கொண்டுவருகிறார்கள். 1728-இல் குருப்பட்டம் பெற்று, 1735-இல் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறி, தோற்றுத் திரும்பிய மனிதர். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்கு மனமில்லாமல் சென்று, ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படும்போது, ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில், தம் இருதயம் விசித்திரமாக அனலடைந்ததை உணர்ந்தார். மணி வரை தெரியும் மறுபிறப்பு! காணொளி அந்த மணிக்கூண்டைக்கூடக் காட்டுகிறது. ஆனால் அதே வெஸ்லி 1739 சனவரி 4 அன்று தம் நாட்குறிப்பில், ஓராண்டுக்கு முன்பு மட்டுமல்ல, இப்போதும் தாம் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருக்கிறார். தம்மைத் தாமே விடாமல் சோதித்துக்கொண்ட ஒரு மனிதரின் மறுபக்கம் அது. பாடத்தின் கதைக்கு ஒத்துவராததால் வெட்டப்பட்டிருக்கிறது. சேர்த்திருந்தால் கதை கெட்டிருக்காது. சுவிசேஷ விசுவாசத்தில் நிச்சயம் எவ்வளவு முக்கியமோ, அந்த நிச்சயத்துக்கான போராட்டமும் அவ்வளவு பழையது என்று தெரிந்திருக்கும்.

இனி அந்தப் பொத்தான். பாடத்தின் இறுதித் திரையில் ஒரு ஜெபம் வருகிறது. தன்னைப் பாவி என்று அறிக்கையிட்டு, இயேசுவை இரட்சகராகவும் ஆண்டவராகவும் ஏற்கும் ஐந்து வரி ஜெபம். மொழி எளிமையானது, குறை சொல்ல முடியாது. அதன் கீழே பச்சை நிறத்தில் ‘நான் இந்த ஜெபத்தைச் செய்தேன்’ என்ற ஒரு பொத்தான். அதற்குப் பக்கத்தில் வேறு பொத்தான் இல்லை. ‘இன்னும் யோசிக்கிறேன்’ இல்லை, ‘ஏற்கெனவே விசுவாசிக்கிறேன்’ இல்லை. அதை அழுத்தினால்தான் ஏழாம் பாடம் திறக்கும். இரண்டு நாள் அழுத்தாமல் இருந்தேன். மூன்றாம் நாள் ‘உங்கள் பாடம் காத்திருக்கிறது’ என்று நினைவூட்டல் வந்தது. ஏழாம் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காக அழுத்தினேன். திரையில் ஒரு வாழ்த்து வந்தது. அடுத்த காணொளியின் முதல் வாக்கியத்திலிருந்தே பேசுகிறவர் ‘நாம்’ என்கிறார்.

பாவியின் ஜெபம் என்று அழைக்கப்படும் இந்த வடிவத்தை வேதாகமத்தில் எங்கும் காண முடியாது. ‘கர்த்தராகிய இயேசுவை நீ உன் வாயினாலே அறிக்கையிட்டு’ என்ற ரோமர் 10:9 அதற்கு அடிப்படையாகக் காட்டப்படுவது உண்மை. ஆனால் குறிப்பிட்ட சொற்களைச் சொன்ன கணத்தில் காரியம் முடிந்தது என்று கொள்ளும் வழக்கம் பிற்காலத்து எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுப்புதல் பிரசங்கியார் சார்ல்ஸ் பின்னி, மனம் கலங்கியவர்களை முன்வரிசை இருக்கைக்கு அழைத்த முறையை அன்றே சக சுவிசேஷகர்கள் பலர் கண்டித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் மைதானங்களில் மக்களை முன்னுக்கு அழைத்தார். வந்தவர்களோடு உட்கார்ந்து பேச ஆலோசகர்களும் அங்கே காத்திருப்பார்கள். பயிற்சியின் பொத்தானில் பேச ஆள் இல்லை. பிறப்பு பிறக்கிறவன் செய்வதல்ல என்று இருபது நிமிடம் கற்பித்துவிட்டு, இருபத்தோராம் நிமிடத்தில் அதை விரல்நுனியில் முடித்துவைக்கிறார்கள். பயிற்சியின் மீது எனக்குள்ள வழக்கு இது ஒன்றுதான். மற்றவை சில்லறைக் குறைகள். சுவிசேஷப் போதனையின்மேல் நம்பிக்கை இல்லாத ஒருவர் இதைக் கட்டியிருந்தால் வியப்பில்லை. அதை இவ்வளவு நன்றாக அறிந்தவர்களே இப்படிச் செய்திருப்பதுதான் புரியவில்லை.

அந்த முரணைக் கூர்மையாக்குவது ஏழாம் பாடமே. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்ற எபேசியர் 2:8 பாடத்தின் தலைப்பில் இருக்கிறது. நீதிமானாக்கப்படுதல் என்பது தேவன் ஒருவனைச் சிறிது சிறிதாக நல்லவனாக்கும் வேலை அல்ல, கிறிஸ்துவின் நீதியை அவன் கணக்கில் வைத்து நீதிமான் என்று அறிவிக்கும் தீர்ப்பு என்ற விளக்கம் தெளிவு. ரோமர் 3:28-ஐப் பெயர்க்கும்போது மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை லூத்தர் தம் 1522ஆம் ஆண்டு ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தார், அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். நம் வேதாகமத்தில் அந்த வசனம் ‘விசுவாசத்தினாலேயே’ என்று இருக்கிறது. லூத்தருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது; தமிழுக்கு ஓர் ஏகாரம் போதுமாயிற்று. இதைப் பாடம் கவனிக்கவில்லை, வழிகாட்டிக்கு எழுதினேன், மகிழ்ந்துபோனார்.

கூடவே, ‘மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்’ என்ற யாக்கோபு 2:24-ஐ என்ன செய்வது என்றும் கேட்டிருந்தேன். பாடத்தில் அதற்கு விடையாக ஒரே வரிதான் இருந்தது: ‘உண்மையான விசுவாசம் கிரியையைப் பிறப்பிக்கும்.’ வழிகாட்டி ஆபிரகாமின் வாழ்க்கையை எடுத்து வைத்தார். ஆதியாகமம் 15:6-இல் ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. பவுல் ரோமர் 4-இல் நிற்கும் இடம் அது. யாக்கோபும் அதே வசனத்தை மேற்கோள் காட்டுகிறார், ஆனால் அது நிறைவேறியதாக அவர் காண்பது, பல ஆண்டுகள் கழித்து 22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்தபோது. ‘பவுல் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வர என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறவனிடம் பேசுகிறார், யாக்கோபு உள்ளே வந்து சாய்ந்து உட்கார்ந்துவிட்டவனிடம் பேசுகிறார், சகோதரி’ என்று முடித்திருந்தார். இவரையே காணொளியில் பேச வைத்திருக்கலாம்.

இந்தப் பாடத்தில் கத்தோலிக்கரைச் சித்திரித்த விதம் மட்டும் நியாயமில்லாதது. அவர்கள் நற்கிரியைகளால் பரலோகத்தை விலைக்கு வாங்கப் பார்ப்பவர்கள் என்ற தொனி குறிப்புகளில் இரண்டு இடங்களில் வருகிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதர் தங்கள் தகுதியால் அல்ல, கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நீதி கணக்கில் வைக்கப்படுகிறதா, உள்ளே ஊற்றப்படுகிறதா என்ற வேறுபாடு அதனால் தீர்ந்துவிடவில்லை, சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் பலர் அந்த அறிக்கையில் நிறைவடையவும் இல்லை. அந்த உண்மையான வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் மாணவருக்கும் பயன்பட்டிருக்கும், கத்தோலிக்கரும் தங்களை அடையாளம் கண்டிருப்பார்கள்.

பரிசுத்த ஆவியையும் சபையையும் பற்றிய எட்டாம், ஒன்பதாம் பாடங்கள் நிதானமானவை. ஆவியானவர் அருளால் கற்காத மொழியில் பேசும் அந்நியபாஷை இன்றும் உண்டா, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பவற்றில் சுவிசேஷக் கிறிஸ்தவர்களே பிரிந்து நிற்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, இரு தரப்பு வசனங்களையும் தருகிறார்கள். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்தார் என்னும் முன்குறித்தலைப் பற்றி மட்டும் மூச்சே இல்லை. வெஸ்லியும் அவரோடு ஊழியம் செய்த பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் அதை முன்னிட்டு மனக்கசப்போடு பிரிந்ததையும், பின்னர் ஒருவரையொருவர் மதித்தே வாழ்ந்ததையும் சொல்லியிருந்தால், அடிப்படையில் ஒன்றுபட்டு மற்றதில் வேறுபடுவது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது.

பத்தாம் பாடத்தில் செயலூக்கம் என்பது பிறருக்குச் சுவிசேஷம் சொல்வதாகவே சுருங்கிவிட்டது. அண்டை வீட்டாரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஐந்து பக்கம் இருக்கிறது. 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் வரை இருபது ஆண்டு நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் இதே விசுவாசத்தால் உந்தப்பட்டவர். அவருக்கு ஒரு வரி இல்லை. அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சச்சரவில் 1845-இல் அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தனியே பிரிந்தார்கள் என்ற கசப்பான மறுபக்கத்துக்கும் இடமில்லை. லொசான் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, சுவிசேஷம் அறிவிப்பதையும் சமூகப் பொறுப்பையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகச் சில வேளைகளில் கருதியதற்காக மனம்வருந்துவதாகவே சொல்கிறது. அந்த வருத்தம் இன்னும் பாடத்திட்டம் வரை வந்துசேரவில்லை.

பதினோராம் பாடத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கிறிஸ்து காணக்கூடியவராகத் திரும்ப வருவார், மரித்தோர் எழுவார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு என்பதே சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கை. பாடமோ, விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து முதலில் மறைவாக வருவார் என்னும் இரகசிய வருகை, ஏழு ஆண்டு உபத்திரவம், ஆயிரமாண்டு அரசாட்சி என்று அம்புக்குறிகள் நிறைந்த ஓர் அட்டவணையை விரித்து, அதையே அடிப்படை என்கிறது. அந்த வரிசை போதகர் ஜான் நெல்சன் டார்பி 1830-களில் போதித்து, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் குறிப்புகள் வழியாகப் பரவியது. வெளிப்படுத்தின விசேஷம் 20-இன் ஆயிரம் ஆண்டுகளை அடையாளமாக வாசிக்கும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் ஏராளம். பத்துக் கேள்விகளில் ஆறு அந்த அட்டவணையிலிருந்துதான். எனக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது.

சுவிசேஷச் சபையில் வளர்ந்து, சொல்லும் சொற்களின் பொருளை ஒருமுறை ஒழுங்காகக் கேட்க விரும்புகிறவர்கள் நான்கு முதல் ஏழு வரையான பாடங்களுக்காகவே சேரலாம். என்னைப் போல வேறு மரபிலிருந்து வருகிறவர்கள், அல்லது கிறிஸ்தவரல்லாதவர்கள், சேர்ந்தால் விடைத்தாளில் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டாம். பயிற்சியின் சிறந்த பகுதி அச்சில் இல்லை, பதிலில் வருகிறது.

பன்னிரண்டாம் பாடம் மீள்பார்வை மட்டுமே. அதை முடித்த மறுநாள் சான்றிதழ் வந்தது. என் பெயருக்குக் கீழே ‘மறுபிறப்படைந்த நாள்’ என்று ஒரு கோடு. அதில் நான் பொத்தானை அழுத்திய தேதி அச்சாகியிருந்தது. அது பாடம் திறப்பதற்காக அழுத்திய நாள், அதை என் பெயரோடு வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை என்று வழிகாட்டிக்கு எழுதினேன். ‘மன்னியுங்கள் சகோதரி, மாற்றித் தரச் சொல்கிறேன். எந்தத் தேதியைப் போடச் சொல்லட்டும்?’ என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று எழுதினேன். நான்கு நாள் கழித்துப் புதிய சான்றிதழ் வந்தது. கோடு அப்படியே இருந்தது. அதன்மேல் எதுவும் எழுதப்படவில்லை.